பேக்பேக்கிங் போகிற இடத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதுண்டா? (அக்டோபரில் தர்மகோட்)

தண்டையார்பேட்டை_தோள்பை

எல்லோருக்கும் வணக்கம். நேராகக் கேள்விக்கே வருகிறேன். பயணத்தில், ரயிலிலும் ஹாஸ்டல் டார்மிலும் பழக்கமாகிறவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவீர்களா? பேசினால் எப்போது, எவ்வளவு?

நான் தண்டையார்பேட்டை. பாரிமுனைப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. லீவைச் சேர்த்துவைத்து அவ்வப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், ஹம்பி, கோகர்ணா, வர்க்கலா எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். இந்த முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் தர்மசாலா, மேலே ஹிமாச்சல் மலை ஊரான தர்மகோட்டில் தங்கி, திரியுண்டு மலை ஏறுவதாகத் திட்டம். பெரியம்மா பெண்ணும் கூட வருகிறாள், அதனால்தான் வீட்டில் சரி என்றார்கள்.

சபையில் வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னதும் அங்கே ஒரே உற்சாகம். ஒரு அண்ணன் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் இயேசுவைப் பற்றிய கைப்பிரதிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி இந்தப் பயணத்தில் ஆத்துமாக்களைத் தாரும் என்று வேறு ஜெபித்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவளிடம் போய் அதை நீட்டுவதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது வெட்கமா, இல்லை இப்படிச் செய்யக்கூடாது என்று மனசுக்குப் படுவதா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், வழியில் மனுஷர்கள் மனசைத் திறக்கிற மாதிரி ஊரில் யாரும் திறப்பதில்லை. கோகர்ணாவில் கரண்ட் போன ஒரு ராத்திரி, மொட்டைமாடியில், அன்றைக்குக் காலையில்தான் அறிமுகமான பெண் தன் விவாகரத்து வரைக்கும் சொன்னாள். அந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லாமல் மற்றதெல்லாம் பேசினால் அதுவும் ஒளிவுமறைவுதானே?

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பெரம்பூர்_லோகோ

ஸ்தோத்திரம் மகளே. நான் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவன், பாஸ் இருந்த காலத்தில் ஸ்லீப்பர் கிளாஸில் இந்தியா பூராவும் சுற்றியிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாகப் படி. பாலைவன ரோட்டில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு ஓடிப்போய்க் கேட்கிற முதல் வார்த்தை, வாசிக்கிறது புரிகிறதா என்பதுதான். ஏறி உட்காரச் சொல்லி வேண்டிக்கொள்வது அந்த மந்திரி. லூக்கா 24ல் எம்மாவு ரோட்டில் இயேசு அந்த இரண்டு பேரோடு கூடவே நடந்து, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று விசாரிக்கிறார், அவர்கள் துக்கத்தை எல்லாம் கொட்டி முடிக்கிற வரைக்கும் கேட்கிறார், அப்புறம்தான் தன் பேச்சு. ஊர் வந்ததும் அவர் தாண்டிப் போகிறவர் போலக் காட்டுகிறார் பார், அவர்கள் வருந்திக் கேட்டதால்தான் தங்குகிறார். யோவான் 4ல் சமாரியப் பெண்ணிடம் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். மூன்றுமே வழியில் சந்தித்தவர்களின் கதைகள், மூன்றிலுமே பேச்சு கேள்வியில் தொடங்குகிறது.

1 பேதுரு 3:15ஐச் சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்திருப்பாய். எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, சரி. ஆனால் விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு என்று அதே வசனத்தில் இருக்கிறது, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்றும் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் இந்தப் பாதியை யாரும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை, ஏனோ.

நீ போகிற ஹிமாச்சல் சாது சுந்தர் சிங் கால்நடையாகச் சுற்றிய சீமை. 1905ல் சிம்லாவில் ஞானஸ்நானம் எடுத்தார், சபாத்துவில் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார், காவி உடுத்திக்கொண்டு மலை மலையாக நடந்தார், 1929ல் திபெத்துக்கு என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. உன் பாஷையில் சொன்னால் பையே இல்லாத பேக்பேக்கர். அந்த ஊர் ஜனங்களைப் போல உடுத்தி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, அவர்களோடு உட்கார்ந்தார். அந்தக் கைப்பிரதிக் கட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

வியாசர்பாடி_வாசுகி

நான் இந்து. எங்கள் தெருவில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பொங்கலுக்கு வெல்லமும் மாறி மாறிப் போகும், அதனால் எனக்கு இயேசு என்றால் அலர்ஜி எல்லாம் கிடையாது. தைரியமாகக் கேட்டதால் சொல்கிறேன் தங்கச்சி.

ஒரு மலை ஊரில் டார்மில் இரண்டு பெண்கள் அறிமுகமானார்கள். நல்ல பெண்கள். என் பவர் பேங்க்கை அவர்கள் வாங்கிக்கொள்வது, அவர்களுடைய நூடுல்ஸில் நான் பங்கு வைப்பது, நடக்கும்போது ஒருத்தி என் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துத் தூக்கிக்கொள்வது என்று அத்தனை ஒட்டுதல். கடைசி ராத்திரி ஒருத்தி என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அக்கா நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் எங்கே போவீர்கள் என்று தெரியுமா என்றாள். நான் பஸ் ஸ்டாண்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன், சத்தியமாக. விஷயம் புரிந்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, மனசு விட்டுப்போனது. அந்த நூடுல்ஸ், அந்தப் பாட்டில் எல்லாமே இதற்குத்தானா என்று ஓடுகிறது மனசுக்குள். ஒருவேளை அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு தடவை, மிசோரம் நர்ஸ் பெண் ஒருத்தி. துக்பா (நூடுல்ஸ் சூப்) கிண்ணம் ஆவி பறக்க வந்து வைத்ததும் கண்ணை மூடிக் கையைக் கோத்து ஒரு நிமிஷம் இருந்தாள், அப்புறம் ஸ்பூனை எடுத்தாள். அவ்வளவுதான். நானே கேட்டேன், தினமும் செய்வாயா, என்ன சொல்வாய் என்று. ஐ.சி.யூவில் ராத்திரி ஷிப்டில் ஒரு நோயாளி இறந்துபோனால் அடுத்த கட்டிலுக்கு எப்படிப் போவாள் என்பது வரைக்கும் பேசினாள். நான் மதம் மாறவில்லை. இப்போதும் பண்டிகைக்கு மெசேஜ் போட்டுக்கொள்கிறோம்.

உன் கேள்விக்கு என் பதில்: நான் கிறிஸ்தவள் என்று முதல் நாளே, ஊர் பேர் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிடு. கடைசி ராத்திரி வரைக்கும் சேர்த்துவைக்காதே.

கொருக்குப்பேட்டை_சாலமன்

எல்லோரும் ரொம்ப நாகரிகமாகப் பேசுகிறீர்கள், ஆனால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அப்பா மூட்டை தூக்கினவர், குடி. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் யாரோ முகம் தெரியாத ஒருவர் கையில் திணித்த ஒரு கைப்பிரதி, அதைச் சட்டைப் பையில் வைத்து மறந்துபோய், அம்மா துவைக்கும்போது எடுத்துக் காயவைத்து, அவர் படித்து, அப்படித்தான் எங்கள் வீடு வீடானது. அந்த ஆள் கூச்சப்பட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தால்? பிலிப்பு கேள்வி கேட்டார் சரி, ஆனால் ஓடினார் என்றும் இருக்கிறதே ஐயா. தங்கச்சி, கூச்சம் என்பதற்காக மட்டும் விட்டுவிடாதே.

பெரம்பூர்_லோகோ

சாலமன் தம்பி, ஓடினார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்காக ஸ்தோத்திரம். ஸ்டேஷன் வாசலில் வாங்கினவர் வேண்டாம் என்றால் கீழே போட்டுவிட்டு நடக்கலாம், டார்மில் எட்டுக் கட்டில் இருக்கிற ரூமில் அடுத்தவளுக்கு எங்கே போக இடம்? அது ஒன்றுதான் என் கவலை.

காசிமேடு_கரைவலை

எங்களுடையது ஆர்.சி. குடும்பம், கடல் தொழில். நீங்கள் எல்லோரும் பேசுகிறவரையும் கேட்கிறவரையும் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நடுவில் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறான், அவனைப் பற்றி ஒரு வார்த்தை.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்கிற அமெரிக்க வாலிபர், அவரும் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்தான், டூரிஸ்ட் விசாவில் அந்தமான் வந்து, வெளியுலகத்தோடு ஒட்டாத பழங்குடிகள் வாழ்கிற, போகவே கூடாது என்று தடை இருக்கிற வடக்கு சென்டினல் தீவுக்கு நற்செய்தி சொல்லப் போனார். அங்கே கொல்லப்பட்டார். அவருடைய தைரியத்தையும் பக்தியையும் பற்றி உலகம் பூராவும் எழுதினார்கள், திட்டியும் எழுதினார்கள், வெளி ஆள் கொண்டுபோகிற சாதாரணச் சளி காய்ச்சலே அந்த ஜனங்களை அழித்துவிடும் என்பதையும் எழுதினார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி, படகு யாருடையது என்று. காசு வாங்கிக்கொண்டு அவரை ராத்திரியில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவர்கள் பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

தர்மகோட் சென்டினல் தீவு கிடையாது, தெரியும். இருந்தாலும் கணக்கு அதே கணக்குதான். நீ பேசிவிட்டு டெல்லி பஸ் ஏறிவிடுவாய், ஏதாவது வம்பு வந்தால் ஹோம்ஸ்டே வைத்திருக்கிற அக்காவைத்தான் விசாரிப்பார்கள், இல்லையென்றால் அந்த ஊரில் பத்துப் பதினைந்து பேரை வைத்துச் சின்னதாக ஜெபக்கூட்டம் நடத்துகிற யாரையாவது. அப்புறம் இன்னொன்று. உன் பக்கத்துக் கட்டில்காரிக்குப் பிடிக்கவில்லை என்றால் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். உன் பையைத் தூக்கி வருகிற கூலிக்காரன், ரொட்டி சுடுகிற பையன், டாக்ஸி டிரைவர், இவர்களுடைய அன்றைய கூலி உன் கையில் இருக்கிறது, அதனால் நீ என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள். நாங்களும் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களிடம் அப்படித் தலையாட்டியிருக்கிறோம். அவர்களிடம் முழுக்கூலி கொடு, பேரைக் கேள், பிள்ளைகளைப் பற்றி விசாரி. அவர்களாகக் கேட்டால் ஒழிய இந்தப் பேச்சை எடுக்காதே.

பூக்கடை_ஜூனியர்

ஐகோர்ட்டில் ஜூனியராக ஓடிக்கொண்டிருக்கிறேன், சட்டம் கேட்காமலே சொல்கிற வியாதி, பொறுத்துக்கொள்ளவும்.

அரசியல் சட்டம் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமில்லை, பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு. 1977ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது உரிமை, அடுத்தவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது என்று பிரித்துவிட்டது. அதனால் டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் விசுவாசத்தைச் சொல்வது குற்றம் கிடையாது. ஆனால் ஹிமாச்சலில் 2006லேயே ஒரு மதமாற்றச் சட்டம் வந்து, 2019ல் அதைவிடக் கடுமையானது அதன் இடத்தைப் பிடித்தது. ஆசை காட்டுவது என்பதற்குள் பரிசு, பணம், வேறு எந்த நன்மையும் வரும். நல்ல எண்ணத்தில் கொடுக்கிற ஸ்வெட்டரையும் புத்தகத்தையும் கூட வேறு மாதிரி எழுதிவிட முடியும், எழுதுகிறவர் மனசைப் பொறுத்தது. நம் ஊரிலும் 2002ல் அப்படி ஒரு சட்டம் வந்து 2004ல் விலக்கிக்கொள்ளப்பட்டது, அதனால் இங்கே இருக்கிற பழக்கத்தில் அங்கே நடந்துகொள்ள வேண்டாம்.

அப்படியே நேபாளம் பக்கம் போகிற யோசனை இருந்தால் அங்கே இன்னும் கறார். 2015 அரசியல் சட்டமே மதமாற்றத்தைத் தடுக்கிறது, 2017 குற்றச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை. டார்மில் உங்களோடு சேர்ந்துகொள்கிற வெளிநாட்டு விசுவாசிகள் யாராவது வாங்க சேர்ந்து ஊழியம் செய்யலாம் என்றால், டூரிஸ்ட் விசாவில் அதற்கு இடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

திரியுண்டு ஏறும்போது பேச மூச்சே இருக்காது சிஸ்டர், கவலைப்படாதீங்க 😀

தண்டையார்பேட்டை_தோள்பை

எல்லோருக்கும் நன்றி. எண்ணூர் ப்ரோவுக்கும்தான். வாசுகி அக்கா சொன்ன கடைசி ராத்திரி விஷயம் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் எங்கள் கூட்டங்களில் நாளைக்கு அவரைப் பார்ப்பாயோ மாட்டாயோ, இன்றே சொல் என்றுதான் பழக்குவார்கள், பயணத்தில் அந்த அவசரம் இரண்டு மடங்காகிவிடும். சாலமன் அண்ணா, உங்கள் அப்பா கதையைப் படித்துவிட்டு ஆபீஸிலேயே கண் கலங்கிவிட்டது, அதனால் கைப்பிரதியே வேண்டாம் என்று என்னால் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் தர்மகோட்டுக்கு எடுத்துப் போகவில்லை, கொடுத்த அண்ணனிடம் நேரில் சொல்லிவிடுகிறேன். கரைவலை அண்ணா சொன்னது நான் யோசித்தே பார்க்காதது.

அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று சொல்லுங்களேன்.

ஒற்றியூர்_நாடோடி

நான் அங்கே சீசன் முழுக்கத் தங்கி லேப்டாப்பில் வேலை பார்த்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபை, பேரளவுக்கு, அம்மா வருத்தப்படுவாள், போகட்டும்.

தர்மகோட்டில் இறங்கியதும் போர்டுகளில் ஹீப்ரு எழுத்தைப் பார்ப்பாய். கட்டாய ராணுவ சேவை முடித்த கையோடு ஊர் சுற்ற வருகிற இஸ்ரேல் பிள்ளைகள் அத்தனை பேர். பைபிள் ஊர்க்காரர்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு பரவசம் வரும், பெத்லகேம் எருசலேம் என்று ஆரம்பித்துவிடுவோம். அங்கேதான் நிதானம் வேண்டும். ஐரோப்பாவில் பல நூறு வருஷம் அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன்களுக்கு ஞானஸ்நானம் என்பது மிரட்டலாக வந்தது, 1492ல் ஸ்பெயினில் மதம் மாறு இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்று உத்தரவே போட்டார்கள். உங்கள் மேசியா வந்துவிட்டார் என்று நீ அன்பாகச் சொன்னாலும் அவர்கள் காதில் அந்தப் பழைய சத்தம்தான் விழும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஓய்வுநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போ, சங்கீதத்தை அவர்கள் பாஷையில் பாடக் கேட்கலாம், கேள்வி கேட்க உனக்கே நிறைய இருக்கும்.

கீழே மெக்லியோட்கஞ்சில் திபெத்தியர்கள். 1959ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்த பிறகு அவரோடும் அவருக்குப் பின்னாலும் வந்த குடும்பங்கள். மதமும் பாஷையும் அவர்களுக்குக் கையில் மிச்சமிருக்கிற நாடு மாதிரி. அங்கே இங்கிலீஷ் பேசிப் பழகுகிற வகுப்புகள் உண்டு, நம்மை மாதிரி வழிப்போக்கர்களும் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம். கட்டாயம் போ. ஆனால் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்தவரிடம் இங்கிலீஷ் மட்டும் பேசு. இதைப் போய்ச் சாக்காகப் பயன்படுத்தாதே, நானே அங்கே சங்கடப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு துறவிப் பையன் வாக்கியம் அமைக்கத் திணறிக்கொண்டிருக்க எதிரே இருந்தவர் அவனிடம் பாவம், மீட்பு என்று போய்க்கொண்டே இருந்தார், பையன் மரியாதைக்கு யெஸ் யெஸ் என்கிறான். கரைவலை சொன்ன அதே தலையாட்டல்.

தர்மகோட்டிலேயே விபாசனா தியான மையமும் இருக்கிறது. பத்து நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்று இருக்கும், கடவுள், சாவு, அப்பா அம்மா சண்டை எல்லாம் வரும். உன்னிடம் நீ என்ன நம்புகிறாய் என்று கேட்பார்கள் பார், அப்போது சுற்றி வளைக்காமல் சொல். ஜெபிப்பேன், இதற்காக ஜெபித்தேன், இது நடந்தது, இது நடக்கவில்லை என்று. நடக்காததையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்கிறவருக்கு நீ ஏதோ விற்க வந்த ஆள் இல்லை என்று தெரியும்.

அப்புறம், பார்சித்கஞ்ச் போகிற ரோட்டில் தேவதாரு மரங்களுக்கு நடுவில் செயின்ட் ஜான் இன் த வில்டர்னஸ் கோவில் இருக்கிறது, 1852ல் கட்டியது. 1905 காங்ரா நிலநடுக்கத்தில் மணிக்கூண்டு விழுந்தது, கோவில் நின்றது. வைஸ்ராய் எல்கின் பிரபுவின் கல்லறையும் அங்கேதான். மெக்லியோட்கஞ்சில் இருந்து நடந்தே போகலாம். டார்மில் யாராவது ஞாயிற்றுக்கிழமை என்ன பிளான் என்று கேட்டால் அங்கே போகிறேன், வருகிறாயா என்று மட்டும் கேள். பழைய கல் கட்டடம் பார்க்க என்றே வருவார்கள், வந்த பிறகு உள்ளே உட்காருவதா வெளியே போட்டோ எடுப்பதா என்பது அவர்கள் இஷ்டம். ஆராதனை நேரத்தை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்.

வியாசர்பாடி_வாசுகி

அந்தக் கல் கோவிலுக்கு என்னைக் கூப்பிட்டால் நானே வருவேன். தங்கச்சி, டெல்லியில் பஸ் ஏறும் முன் வாந்தி மாத்திரை போட்டுக்கொள், கடைசி மூன்று மணி நேரம் வளைவுதான். உன் அக்காவுக்கும் கொடு. ஜன்னல் சீட்டை விட்டுவிடாதே.